கறை இருக்கலாம், மேடு இருக்கக் கூடாது: ஹெட் கேஸ்கட் மாற்றும் முன் செய்யும் துப்புரவு

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் நான் தொழில் படித்தேன். அங்கே தலைமை மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். ஹெட் கேஸ்கட் வேலை வந்தால் புதுப் பையன்களிடம் அவர் முதலில் சொல்வது இதுதான்: "லே மக்கா, கேஸ்கட்டை வைக்கதுக்கு அஞ்சு நிமிசம் போதும். அது இருக்கப்பட்ட இடத்தை ஒருக்கதுக்கு ஒரு நாள் வேணும், கேட்டியா?"

நான் கேட்கவில்லை. சேர்ந்த வருடமே ஒரு வேனின் அலுமினிய ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்மூடியை, கழற்றிக் கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ்கட்டை ட்ரில் மெஷினில் தேய்ப்பு வட்டு மாட்டிக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். ஹெட்டின் முகமும், அதன் அடியில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் முகமும் கண்ணாடி மாதிரி மின்னின. வண்டி நன்றாகவே ஓடிப் போனது. மூன்று வாரத்தில் அடியில் தட்டுகிற சத்தத்தோடு திரும்பி வந்தது. அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் முழுக்கக் கீறல். ஆசான் திட்டவில்லை. பேரிங் ஓட்டைக் கையில் தந்து, "இந்தக் கோடு எங்கேருந்து வந்துன்னு நீயே யோசி" என்றார். இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த யோசனையில் தொடங்கியதுதான். முதல்முறை ஹெட் இறக்கப் போகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தகடு ஒரே நேரத்தில் மூன்றைத் தடுத்து நிறுத்துகிறது: சிலிண்டரில் எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், ஆயில். கார் டயரில் இருப்பது இரண்டு பார் அழுத்தம். பெட்ரோல் என்ஜினின் சிலிண்டரில் எரியும் கணத்தில் அது ஐம்பது பாரைத் தொடும், டீசலில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். போல்ட்டுகளின் இறுக்கம் இரண்டு முகங்களிலும் ஒரே சீராகப் பரவினால்தான் கேஸ்கட் இதைத் தாங்கும். நகத்தில் தட்டுப்படும் அளவு பழைய கேஸ்கட் துணுக்கு ஒன்று இருந்தால் போதும், அதைச் சுற்றியுள்ள இடத்தில் இறுக்கம் குறைந்துவிடும். அங்கேதான் முதலில் ஒழுகும்.

ஆகவே நாம் செய்யப் போவது மூன்று காரியம். ஒட்டியிருப்பதை எடுக்க வேண்டும், அடியில் இருக்கும் உலோகத்தைத் தொடக் கூடாது, எடுத்த அழுக்கில் ஒரு பொட்டுகூட என்ஜினுக்குள் போகவிடக் கூடாது. மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். நானும் அதைத்தான் மறந்தேன்.

இடமும் காற்றும்

நம் மாவட்டத்தில் இந்த வேலைக்கு இடம் தேர்வது தனி விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதனால்தான். அந்தப் பக்கம் திறந்த வெளியில் ஹெட்டைக் கழற்றி வைத்தால் துடைக்கத் துடைக்கப் புழுதி வந்து உட்காரும். கடலோரத்தில் வேறு சிக்கல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்திருக்கிறது. இந்தியன் ரேர் எர்த்ஸ் (இப்போது ஐ.ஆர்.இ.எல்.) ஆலை அங்கே இருப்பது அதற்காகத்தான். கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யவே பயன்படும் கல். அந்த மண் காலில் ஒட்டி வந்து சிலிண்டருக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவர் உள்ள ஷெட், தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரை, வண்டியின் முன்பக்கம் காற்று வரும் திசையைப் பார்க்காமல். இவ்வளவு போதும்.

மழைக் காலத்தில் இன்னொன்று. வார்ப்பிரும்பு பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்து வெறுமனே இரவு விட்டால் விடியும்போது செந்நிறமாகத் துருப் படர்ந்திருக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் உப்புக் காற்றும் சேர்வதால் இன்னும் சீக்கிரம். அன்றே மூட முடியாவிட்டால் மெல்லியதாக ஆயில் தடவி, சுத்தமான பாலித்தீன் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் அந்த ஆயிலை முழுக்க எடுத்த பிறகுதான் கேஸ்கட்.

கழற்றும்போதே தொடங்கும் துப்புரவு

என்ஜின் முழுதாக ஆற வேண்டும், கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. அலுமினிய ஹெட்டைச் சூட்டோடு தளர்த்தினால் அது கோணிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடு நோக்கி, இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, இரண்டு மூன்று சுற்றில் தளர்த்துங்கள்.

அதற்கு முன்னால் ரேடியேட்டரை மட்டுமல்லாமல் பிளாக்கிலும் வடிகால் திருகு இருந்தால் அதையும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஹெட்டைத் தூக்கும்போது அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் போல்ட் குழிகளுக்குள்ளும் இறங்கும். வடித்த கூலண்டை, அதாவது குளிர்விப்பு மருந்து கலந்த அந்தத் தண்ணீரை, பக்கத்துக் குளத்திலோ கால்வாயிலோ ஊற்றிவிடாதீர்கள். அது விஷம். இனிப்புச் சுவையாக இருப்பதால் நாய்களும் நக்கிவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து வையுங்கள்.

ஹெட் பிளாக்கோடு ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்ப வேண்டாம். அந்த ஒரு குத்து முகத்தில் நிரந்தரப் பள்ளமாக நின்றுவிடும். ஒரு போல்ட் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். பிறகு வார்ப்பின் தடித்த பகுதியில் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் போதும்.

கழற்றிய ஹெட்டை முகம் கீழே இருக்கும்படி மேசையில் வைக்காதீர்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஹெட்டிலேயே இருக்கும் என்ஜின்களில் சில வால்வுகள் திறந்தபடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், எடை விழுந்தால் வளையும். இரண்டு மரக்கட்டைகள் மேல் முகம் மேலே பார்க்க வையுங்கள்.

இந்த நேரத்தில் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல் நன்றாகப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவில் கருகியிருக்கிறதா, தண்ணீர் ஓட்டைப் பக்கம் அரித்திருக்கிறதா, ஒரு ஓரம் மட்டும் நசுங்காமல் புதுசு போல இருக்கிறதா? எங்கே போனதோ அந்த இடத்துக்கு நேராக ஹெட்டிலும் பிளாக்கிலும் மார்க்கரால் ஒரு அடையாளம் போடுங்கள். சுத்தம் செய்த பிறகு எல்லா இடமும் ஒரே மாதிரித் தெரியும், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது மறந்துபோகும்.

பழைய வண்டி என்றால் ஒரு எச்சரிக்கை. செம்புத் தகட்டுக்குள் சாம்பல் நிற நார் வைத்த கேஸ்கட்டுகள் முன்பு பரவலாக இருந்தன. அந்த நார் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வெளியே வராது, புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். உலர்வாகச் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, காற்றடிக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரமாகவே எடுத்து, பாலித்தீன் பையில் கட்டிவிடுங்கள். வாயில் துண்டு கட்டினால் போதாது, நல்ல முகக்கவசம் வேண்டும்.

ஓட்டைகளை அடைத்தல்

சுரண்டும் முன்னால் பிளாக்கில் இருக்கும் எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். பிஸ்டன்களைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்து, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சுற்றிலும் கிரீஸை விரலால் அழுத்திவிடுங்கள். விழும் தூள் ரிங்குக்குள் இறங்காமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் துணியை அமுக்கி வையுங்கள். ஆயில் ஓட்டைகள்தான் மிக முக்கியம். அவற்றுக்கு டேப் ஒட்டி அதன்மேல் சிறு துணி உருண்டையும் வையுங்கள். எத்தனை உருண்டை வைத்தீர்கள் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் எண்ணி எடுக்க உதவும்.

ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கிற காட்டன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாது. நூல் நூலாக உதிரும், ஒரு நூல் ஆயில் ஓட்டைக்குள் போனால் தேடி எடுக்க முடியாது. துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணி நல்லது. ஓரத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள்.

டீசல் என்ஜின்களில் ஒன்று கவனிக்க வேண்டும். பெரிய என்ஜின்கள் சிலவற்றிலும் அவற்றைப் பூட்டிய விசைப்படகுகளிலும் சிலிண்டர் லைனர் என்ற உட்குழல் தனியாக வந்து பொருந்தியிருக்கும், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். ஹெட் இல்லாத நேரத்தில் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் சேர்த்து மேலே தூக்கிவிடலாம். அடியில் உள்ள ரப்பர் வளையம் கெட்டால் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். பெரிய வாஷர் வைத்து போல்ட்டால் லைனரை அமுக்கிப் பிடித்த பிறகே சுற்ற வேண்டும். இந்த வகையில் லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்பது வழக்கம். அது அழுக்கு மேடு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை அந்த என்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டயல் கேஜில் அளக்க வேண்டும்.

சுரண்டுவது

முதலில் வலு இல்லாமல் என்ன வருகிறதோ அதை எடுங்கள். பெரிய துண்டுகள் கையாலேயே உரிந்து வரும். மீதிக்கு கேஸ்கட் ரிமூவர் ஸ்பிரே அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம், விட்டுவிடுங்கள். நுரைத்து மேலே எழும்பும். தோலில் பட்டால் எரியும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கதவு திறந்திருக்க வேண்டும். பெயிண்ட், ரப்பர், பிளாஸ்டிக் மேல் விழவிடாதீர்கள். ஒருமுறை அடித்து முழுதாக வராவிட்டால் கையில் வலுவைக் கூட்ட வேண்டாம், இன்னொருமுறை அடியுங்கள். இந்த வேலையில் பொறுமைக்கு ஆகும் செலவு அரை டப்பா ரிமூவர்தான்.

சுரண்ட எதைப் பிடிப்பது என்பது உலோகத்தைப் பொறுத்தது. வார்ப்பிரும்புக்கு பிளேடு போட்ட ஸ்க்ரேப்பர் பயன்படுத்தலாம். அலுமினியத்துக்கு இரும்பு பிளேடைப் புதியவர் கையில் நான் கொடுக்கவே மாட்டேன். அலுமினியம் அவ்வளவு மென்மை, ஒரு சறுக்கலில் கோடு விழுந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் கடையில் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் மூங்கில் வரிச்சைச் சீவி உளி முனைபோல் ஆக்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஆசான் தேங்காய்ச் சிரட்டையை உடைத்து ஓரத்தைக் கல்லில் தீட்டித் தருவார். முனை மழுங்கினால் இன்னொரு துண்டு, சிரட்டைக்கா நம் ஊரில் பஞ்சம்?

வார்ப்பிரும்பில் பிளேடு பிடிக்கும்போது அதன் இரண்டு மூலைகளையும் முதலில் கல்லில் உருட்டிவிடுங்கள். கோடு போடுவது எப்போதும் மூலைதான். பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, உடம்பைவிட்டு வெளிப்பக்கமாக, சின்னச் சின்னத் தள்ளலாகத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உலோகத்தைக் கொத்தும். சிலிண்டரின் விளிம்பில் சுரண்டும்போது சிலிண்டரிலிருந்து வெளியே தள்ள வேண்டும், உள்பக்கம் தள்ளக் கூடாது. ஒவ்வொரு சாணுக்கும் வேக்குவம் கிளீனரால் தூளை உறிஞ்சி எடுங்கள். வீட்டில் இருக்கும் சிறிய மெஷினே போதும், ஆனால் ஸ்பிரே அடித்த ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகுதான் அதை இயக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் ஆவிக்குப் பக்கத்தில் மோட்டார் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். தேய்ப்பு வட்டில் இருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அலுமினியத்திலிருந்தே உண்டானதுதான் என்றாலும், எஃகையே கீறும் அளவு கடினமான பொருள் அது. வட்டு சுற்றச் சுற்ற அந்தத் துகள் உதிர்ந்து எல்லா ஓட்டைக்குள்ளும் போகும். சாதாரண ஆயில் ஃபில்டரால் அதன் நுண்ணிய பகுதியைப் பிடிக்க முடியாது. அது ஆயிலோடு சுற்றி வந்து பேரிங்கின் மென்மையான பூச்சில் பதிந்து, கிராங்கை அறுத்துக்கொண்டே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வட்டுகளை என்ஜின் முகங்களில் பயன்படுத்தக் கூடாது என்று தன் மெக்கானிக்குகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரிலும் இதே துகள்தான் இருக்கிறது. அது பார்க்கச் சாதுவாக இருப்பதால் பலரும் எடுத்துவிடுகிறார்கள். எமரி பேப்பரும் அப்படியே. பிளாக் வண்டியிலேயே இருக்கும்போது இவற்றில் ஒன்றையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இதில் இரண்டாவது கேடும் இருக்கிறது. வட்டு ஒரே அளவில் தேய்க்காது. ஓட்டைகளின் ஓரத்தில் அதிகம் தின்னும், நடுவில் குறைவாகத் தின்னும். கண்ணுக்குப் பளபளப்பு தெரியும், குழி தெரியாது. பழைய நார் கேஸ்கட்டுகள் கொஞ்சம் மென்மையாக அமுங்கி அந்தக் குழியை நிரப்பிக்கொள்ளும், 1.5 முதல் 2.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சொரசொரப்பையும் ஏற்கும். இப்போது பல கார்களில் வரும் பல அடுக்கு எஃகுத் தகடு கேஸ்கட் அப்படி இல்லை. அதற்கு 0.8 மைக்ரானுக்குள் மழமழப்பும் நல்ல மட்டமும் வேண்டும்.

வார்ப்பிரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அலுமினிய ஹெட்டை அதில் போட்டுவிடாதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துத் தின்னும், தீப்பிடிக்கிற வாயுவும் கிளம்பும்.

எவ்வளவு சுத்தம் போதும் என்று எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். எங்கேயும் தட்டக் கூடாது. பழைய கேஸ்கட்டின் நிழல்போல் சாம்பல் கறையோ பழுப்புக் கறையோ இருந்தால் இருக்கட்டும். கறை ஒழுகாது, மேடுதான் ஒழுகும். கறையைப் போக்கத் தேய்க்கத் தொடங்கியவர்கள்தான் ஹெட்டைக் கெடுக்கிறார்கள்.

பிஸ்டன் மேலுள்ள கரியைப் பற்றிக் கேட்பார்கள். புதியவர் என்றால் அதை விட்டுவிடுங்கள் என்பது என் எண்ணம். அதனால் ஒழுகல் வராது, சுரண்டினால் தூள்தான் கூடும்.

போல்ட் குழிகள்

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. பிளாக்கில் போல்ட் இறங்கும் குழிகள் பல, அடி மூடியவை. அதற்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், இறங்குகிற போல்ட் பம்பு பிஸ்டன் மாதிரி அதை அழுத்தும். திரவம் சுருங்காது. டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் ஹெட்டில் இறுக்கம் இருக்காது. மோசமான நேரத்தில் பிளாக்கே விரிசல் விடும்.

காய்ந்த ஈர்க்கில் ஒன்றை எடுத்து அடி தொடும்வரை ஒவ்வொரு குழியிலும் விட்டுப் பாருங்கள். நுனி ஈரமாக வந்தால் துணி சுற்றிய ஈர்க்கிலால் உறிஞ்சி எடுங்கள். எவ்வளவு ஆழம் போனது என்று நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டால் இன்னொன்றும் தெரியும்: ஒரே நீள போல்ட் இறங்கும் குழிகளில் ஒன்று மட்டும் ஆழம் குறைவாக இருந்தால் அடியில் அழுக்கு கட்டியிருக்கிறது.

மறையில் ஒட்டிய துருவை எடுக்க, புது மறை வெட்டும் டாப்பை விடாதீர்கள், அது உலோகத்தையும் சேர்த்து வெட்டி மறையைத் தளர்த்திவிடும். அதே மறை உள்ள பழைய போல்ட்டில் ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் மூன்று காடி போட்டு, பிசிறை அரத்தால் எடுத்து, ஆயில் தொட்டுக் கையால் சுற்றி இறக்குங்கள். துரு காடிக்குள் வந்து நிற்கும். பிறகு பிரேக் கிளீனர் அடித்து, குழியின் வாயைத் துணியால் மூடிக்கொண்டு மெதுவாகக் காற்று விடுங்கள். கம்ப்ரசரின் டேங்கை முதலில் வடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும், காயவைக்கப் போன குழியை நனைத்துவிட்டு வருவோம். கண்ணாடி போடாமல் காற்றைத் தொடவே வேண்டாம்.

போல்ட்டுகளும் அப்படித்தான். கம்பி பிரஷால் மறையைத் தேய்த்துக் கழுவுங்கள். பல புது என்ஜின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை, அதை மறுபடி போடக் கூடாது, புதுசு வாங்க வேண்டும். போல்ட்டை இறுக்க நாம் கொடுக்கும் திருப்பு விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. ஹெட்டைப் பிடிப்பது மீதி ஒரு பங்கு. மறையில் அழுக்கு இருந்தால் அந்த ஒரு பங்கும் முழுதாக மிஞ்சாது.

மட்டம் பார்த்தல்

சுத்தம் செய்த முகத்தின்மேல் இன்ஜினியரிங் ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது வளையாத நேர்விளிம்புச் சட்டத்தை, நிற்கவைத்து அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு, ஆக ஆறு இடம். பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் வளையும், அதை நம்ப முடியாது. எல்லை எவ்வளவு என்பதை உங்கள் என்ஜினின் புத்தகத்தில் பாருங்கள். பல சிறிய அலுமினிய ஹெட்டுகளுக்கு அது 0.05 மி.மீ. தான். அந்த அளவு ஃபீலர் தகடு எந்த இடத்திலாவது உள்ளே நுழைந்தால் ஹெட் லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும். ஹெட்டுக்கு மட்டும் பார்த்துவிட்டு பிளாக்கை விட்டுவிடாதீர்கள்.

மார்க்கர் அடையாளம் போட்ட இடத்தை டார்ச் வைத்துப் பாருங்கள். கூலண்ட் போடாமல் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில், அதுவும் கடலோரக் கிணற்றின் உவர் தண்ணீர் என்றால், அலுமினிய ஹெட்டின் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைத் தூளும் அதற்கடியில் புழு அரித்த மாதிரிக் குழிகளும் இருக்கும். கேஸ்கட்டின் ஓட்டை விளிம்புக்கு வெளியே இறுக்கம் விழும் பகுதி வரைக்கும் குழி நீண்டிருந்தால், முக்கியமாக சிலிண்டரைச் சுற்றிய உலோக வளையம் உட்காரும் இடத்தைத் தொட்டிருந்தால், பசை தடவி மூடப் பார்க்காதீர்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நல்ல பட்டறையில் கொடுத்து, விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனையும் செய்து, எவ்வளவு குறைவாகச் சீவ முடியுமோ அவ்வளவு மட்டும் சீவச் சொல்லுங்கள். சீவினால் அழுத்த விகிதம் கூடும், கேம் ஹெட்டில் இருக்கும் என்ஜினில் வால்வு திறக்கும் நேரமான டைமிங்கும் கொஞ்சம் நகரும். டீசலில் அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட் தேர வேண்டியிருக்கும். பட்டறையிலிருந்து வந்த ஹெட்டின் வழிகளில் சீவல் தூள் இருக்கும். சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவிக் காயவைக்காமல் மேலே ஏற்றாதீர்கள்.

கடைசித் துடைப்பு

மண்ணெண்ணெயும் டீசலும் அழுக்கைக் கரைக்க நல்லவைதான், ஆனால் பின்னால் எண்ணெய்ப் படலம் விட்டுப் போகும். கடைசித் துடைப்புக்கு பிரேக் கிளீனரோ அசிட்டோனோ வேண்டும். துணியில் ஊற்றித் துடையுங்கள், முகத்தின்மேல் நேராக அடித்தால் வழிந்து உள்ளே போகும். துணியைத் திருப்பித் திருப்பி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை. அதற்குப் பிறகு கையால் தொடக் கூடாது, விரலில் உள்ள எண்ணெயே போதும் கெடுக்க. பிரேக் கிளீனர் சிலவற்றில் குளோரின் சேர்ந்திருக்கும். அது காயாத இடத்தில் வெல்டிங் வைத்தால் கொல்லும் விஷவாயு உண்டாகும். அன்றைக்கு வெல்டிங் வேலை வேறு ஷெட்டில்.

இப்போது அடைப்புகளை எடுங்கள், எழுதி வைத்த கணக்கோடு எண்ணி. ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை ஹெட் ஏறக் கூடாது. சிலிண்டரின் ஓரத்தில் உள்ள கிரீஸைத் துணியால் வழித்து எடுத்து, பிஸ்டனை மெல்ல இறக்கி, சுவரில் ஒட்டி நிற்கும் கிரீஸ் வளையத்தையும் துடைத்து, சுவரில் லேசாக ஆயில் தடவுங்கள். பிளாக்கின் முகத்தில் அந்த ஆயில் பட்டிருந்தால் மறுபடி ஒரு துடைப்பு. கிராங்கைச் சுற்றியதால் டைமிங் குறிகள் மாறியிருக்கும், புத்தகத்தில் சொன்ன இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹெட்டைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் டவல் பின் இரண்டும் பிளாக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள், சில நேரம் ஹெட்டோடு போயிருக்கும்.

புது கேஸ்கட்டை உறையிலிருந்து எடுப்பது இந்தக் கணத்தில்தான், காலையிலேயே எடுத்து மேசையில் வைக்காதீர்கள். எந்தப் பக்கம் மேலே என்று அதில் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு ஆயில் ஓட்டையும் தண்ணீர் ஓட்டையும் நேராக வருகிறதா என்று கண்ணால் சரிபாருங்கள். கம்பெனி சொல்லாதவரை அதன்மேல் பசை, கிரீஸ், வெள்ளி பெயிண்ட் ஒன்றும் வேண்டாம். ஹெட்டை இருவர் சேர்ந்து நேராக இறக்குங்கள். வைத்த பிறகு கேஸ்கட்டின் மேல் இழுக்காதீர்கள். போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, புத்தகத்தில் சொன்ன சுற்றுகளில், சொன்ன அளவில் இறுக்குங்கள்.

தண்ணீர் கலந்த பழைய ஆயிலை அப்படியே வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆயிலும் ஃபில்டரும் புதுசு. கூலண்டைச் சுத்திகரித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வண்டி ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். செலவுதான், ஆனால் நான் என் கையால் செய்யும் எந்த ஹெட் வேலையிலும் இதை விட்டதில்லை. கழற்றிய ஃபில்டரை எறியாமல் தகட்டை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைப் பிரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுங்குகிறதா என்று பாருங்கள், விரலால் தேய்த்தால் நறநறக்கிறதா என்றும் பாருங்கள்.